மூன்று சென்டிமீட்டர் புல்: பெரிய நீலன் பட்டாம்பூச்சி அழிந்த கதையும் திரும்பிய கதையும்

ஜூலை மாதத்து மாலை நேரம். தென்மேற்கு இங்கிலாந்தில், தெற்குப் பார்த்த ஒரு புல்சரிவு. தைம் செடியின் ஊதாப் பூக்கொத்திலிருந்து ஒரு புழு தரையில் விழுகிறது. எள்ளைவிடச் சற்றே பெரியது. இரண்டு மூன்று வாரமாகப் பூவைத் தின்றே வளர்ந்த புழு அது. இனி பூவைத் தொடாது. விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு எறும்பு அந்தப் பக்கம் வருகிறது. உணர்கொம்பால் புழுவைத் தட்டித் தடவிப் பார்க்கிறது. புழுவின் முதுகில், பின்பக்கமாக, ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து இனிப்பான ஒரு துளி கசிகிறது. எறும்பு நக்குகிறது. மறுபடி தடவுகிறது, மறுபடி நக்குகிறது. சில சமயம் மணிக்கணக்கில் இது நடக்கும். அப்புறம் புழு திடீரென்று உடம்பை வளைத்து, முன்பகுதியை உப்ப வைத்து நிமிர்கிறது. அந்த நொடியில் எறும்புக்கு அது அந்நிய உயிராகத் தெரிவதில்லை. கூட்டைவிட்டுத் தவறி வெளியே வந்துவிட்ட தன் இனத்துக் குஞ்சாகத் தெரிகிறது. வாயில் கவ்விக்கொண்டு மண்ணுக்குள் போகிறது. அந்த எறும்பு எந்த இனம் என்பதில்தான் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பட்டாம்பூச்சியின் பெயர் பெரிய நீலன். அறிவியல் பெயர் ஃபெங்காரிஸ் ஏரியான். பழைய நூல்களில் மாகுலினியா ஏரியான் என்று இருக்கும். இறக்கையை விரித்தால் 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலம், நல்ல நீலம், முன்னிறக்கையில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாக இருந்தாலும் பல நாடுகளில் தேய்ந்துகொண்டே வந்த இனம். பிரிட்டனில் 1795-இல் முதன்முதலாகப் பதிவானது. 1979-இல் அங்கே அழிந்தது. 1983-இல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து மறுபடி விட்டுப் பார்த்தார்கள். இன்று அது அங்கே பறக்கிறது, நிறையவே பறக்கிறது.

அழிந்த ஓர் இனத்தைத் திரும்பக் கொண்டுவந்த கதைகள் உலகில் வேறும் உண்டு. நான் இந்த ஒன்றையே திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதற்குக் காரணம் வேறு. இது கவனிப்பாரற்று அழிந்த பூச்சி இல்லை. அரை நூற்றாண்டாக இதன்மேல் அக்கறை கொண்டவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அது போய்விட்டது.

பூவில் மூன்று வாரம், மண்ணில் ஒன்பது மாதம்

எறும்பின் இளம்புழுக்களை இந்தக் கட்டுரையில் குஞ்சுகள் என்றே சொல்கிறேன். புழு என்றால் பட்டாம்பூச்சியின் புழு. இல்லாவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

தாய்ப் பட்டாம்பூச்சி ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் தைம் மொட்டுகளில் முட்டையிடும். தைம், துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பத்துச் செடி. தரையோடு படர்ந்து வளரும். ஒரு மொட்டுக்கொத்தில் இரண்டு புழு பொரித்துவிட்டால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். இப்படி மூன்று முறை தோலுரித்த பிறகுதான் மேலே சொன்ன அந்த விழுதல் நடக்கிறது.

எறும்புப் புற்றுக்குள் போனதும் அதன் குணமே மாறிவிடுகிறது. பூ தின்ற புழு குஞ்சு தின்னத் தொடங்குகிறது. ஒரு மூலை அறையில் பட்டு நூலால் சிறு மெத்தை பின்னிக்கொண்டு கிடக்கும். பசித்தால் எழுந்து போய் எறும்புக் குஞ்சுகளைத் தின்றுவிட்டுத் திரும்பும். அதன் முழு எடையில் 98 சதவீதத்துக்கு மேல் இந்த இருட்டில் சேர்கிறது. ஏறக்குறைய ஒன்பது, பத்து மாதம். சில புழுக்கள் இரண்டு குளிர்காலத்தை உள்ளேயே கழித்துவிட்டு, இரண்டாம் ஆண்டுதான் வெளியே வரும். புற்றுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, கோடையில் இறக்கை மடிந்த நிலையில் மண்ணைவிட்டு ஊர்ந்து வந்து, பக்கத்துப் புல்லில் ஏறி இறக்கையை உலர்த்துகிறது.

அது தின்னும் விதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய குஞ்சுகளை முதலில் தின்னும். சின்னவை அப்படியே வளரட்டும் என்று விட்டுவைத்தது போல ஆகிறது. குளிர்காலம் வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். வசந்தத்தில் விழிக்கும்போது விட்டுவைத்த குஞ்சுகள் தேறியிருக்கும். இப்படிச் சிக்கனமாகத் தின்றும்கூட ஒரு சிறிய புற்றில் ஒரே ஒரு புழுதான் பிழைக்க முடியும். ஒரே புற்றுக்குள் நாலைந்து புழுக்கள் போய்விட்டால் குஞ்சுகள் தீர்ந்துபோய் எல்லாமே பட்டினியில் சாகும். இதே பேரினத்தில் வேறு சில நீலன்கள் எறும்பே வாயில் ஊட்டி வளர்க்கும்படி பழகிக்கொண்டவை. குயில் குஞ்சைக் காக்கை வளர்ப்பது போல. அவற்றுக்கு ஒரே புற்றில் பல புழுக்கள் பிழைக்க வழியிருக்கிறது. பெரிய நீலனுக்கு அது இல்லை. அதனால் ஒரு சரிவில் இந்தப் பட்டாம்பூச்சி நிலைக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் புற்றுகள் வேண்டும். அவையும் தைம் செடிக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் எறும்பு தன் புற்றிலிருந்து சில மீட்டர் தூரம்தான் இரை தேடிப் போகும்.

வேலி போட்டார்கள்

19-ஆம் நூற்றாண்டில் பட்டாம்பூச்சி சேகரிப்பது பிரிட்டனில் பெரும் பொழுதுபோக்கு. அரிய நீலனைப் பிடித்து ஊசியில் குத்தி வைக்காத சேகரிப்பாளர் குறைவு. ஆகவே அது குறையக் குறைய, எல்லாருடைய விரலும் சேகரிப்பாளர்களை நோக்கித்தான் நீண்டது. அந்தக் காலத்தில் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கண்ணுக்குத் தெரிந்த எதிரி அவர்கள்தான்.

பழைய வாழிடங்கள் சிலவற்றைப் பாதுகாப்பிடங்களாக்கினார்கள். வேலி போட்டார்கள். ஆட்களை உள்ளே விடாத வேலி மாட்டையும் ஆட்டையும்கூட உள்ளே விடவில்லை. புல்லுக்குத் தீ வைப்பதும் நின்றது. இரண்டு மூன்று ஆண்டில் புல் முழங்காலைத் தொட்டது, முட்புதர் ஏறியது. பட்டாம்பூச்சி போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த இடம் முன்பைவிடப் பசுமையாகத்தான் தெரிந்திருக்கும்.

எறும்புக்கும் இந்தப் புழுவுக்கும் தொடர்பு இருப்பது தெரியாமல் இல்லை. 1915-இலேயே மருத்துவர் சாப்மன், எறும்புப் புற்றிலிருந்து கிடைத்த புழுவை அறுத்துப் பார்த்து, அதன் வயிற்றில் எறும்புக் குஞ்சின் மிச்சம் இருப்பதைக் கண்டார். ஃபிரோஹாக் என்ற பூச்சியியலாளரும் கேப்டன் பியூர்ஃபாயும் அதற்கடுத்த ஆண்டுகளில் வாழ்க்கைச் சுற்றை முழுக்கக் கண்டுபிடித்தார்கள். அக்ரூட் கொட்டையின் பாதி ஓட்டைக் கவிழ்த்து அதற்குள் எறும்புகளைக் குடிவைத்து, அதில் பெரிய நீலனின் புழுவை விட்டு வளர்த்தார் பியூர்ஃபாய். ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் புழு எறும்புக் குஞ்சைத் தின்றுகொண்டிருக்கும். பொறுமைக்குப் பெயர்போன வேலை அது.

ஆனால் அந்த அக்ரூட் ஓடு ஒரு தப்பான நம்பிக்கையையும் கொடுத்துவிட்டது. வளர்ப்பில் எறும்புக்குத் தீனி தாராளம். எறும்புக்குப் பஞ்சம் இல்லாதபோது, மிர்மிகா என்ற சிவப்பு எறும்புப் பேரினத்தின் எந்த எறும்போடும் புழு ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஆகவே சிவப்பு எறும்பு ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதுகாப்பிடங்களில் தைம் இருந்தது, சிவப்பு எறும்பும் இருந்தது. அப்புறம் ஏன் பட்டாம்பூச்சி போகிறது? பூச்சிக்கொல்லியா, காற்று மாசா, வானிலையா, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதால் வந்த பலவீனமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். 1962-இல் இந்த ஒரு பூச்சிக்காகவே கூட்டுக் குழு ஒன்று அமைத்தார்கள். குழு அமைந்த பிறகும் சரிவு நிற்கவில்லை.

சரிவில் உட்கார்ந்து எண்ணியவர்

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இரண்டே இடங்களில்தான் பெரிய நீலன் மிஞ்சியிருந்தது. 1972-இல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் அதை ஆராய வந்தார். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் எஞ்சியிருந்த வாழிடத்தில் ஆண்டுக்காண்டு கோடைக்காலத்தைக் கழித்தார்.

அவர் செய்த வேலை கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். எண்ணினார். எத்தனை தாய்ப் பூச்சி, எத்தனை முட்டை, முட்டையில் எத்தனை பொரித்தது, பூவில் எத்தனை பிழைத்தது, எத்தனை தரைக்கு வந்தது, எத்தனை எறும்பால் தூக்கிச் செல்லப்பட்டது, எத்தனை மறுகோடையில் இறக்கையோடு வந்தது. ஒவ்வொரு படியிலும் சாவை எழுதி வைத்தார். வணிகன் வரவு செலவு எழுதுவது போலத்தான். கணக்கு முடிந்தபோது தெரிந்தது: முட்டையிலும் பூவிலும் ஏற்படும் இழப்பு ஆண்டுக்காண்டு பெரிதாக மாறவில்லை. கூட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது புற்றுக்குள் நடக்கும் சாவுதான்.

அடுத்த கேள்வி, எந்தப் புற்றுக்குள்? இனிப்பான துணுக்குகளை இரையாக வைத்து எறும்பை வரவழைத்து, அது திரும்பிப் போகும் வழியைப் பின்தொடர்ந்து புற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். எறும்பைப் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தால்தான் இனம் தெரியும். மிர்மிகா சபுலேட்டி, மிர்மிகா ஸ்காப்ரினோடிஸ் இரண்டும் ஒரே நிறம், 4, 5 மில்லிமீட்டர் நீளம், பார்வைக்கு அண்ணன் தம்பி. உணர்கொம்பின் அடித்தண்டு வளையும் இடத்தில் சபுலேட்டிக்கு ஒரு சிறு தட்டு போன்ற விளிம்பு நன்றாகத் துருத்தியிருக்கும். மற்றதில் அது சிறியது. ஓர் இனம் நாட்டைவிட்டே போவதா இருப்பதா என்பது, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அந்த விளிம்பில் இருந்தது. தைம் அடியில் விழும் புழுவை எந்த மிர்மிகா எறும்பும் தூக்கிப் போகும். ஆனால் பிழைப்பது சபுலேட்டி புற்றில்தான். மற்ற இனங்களின் புற்றில் பிழைப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

சபுலேட்டி புற்றிலேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. ராணி இருக்கும் புற்றில், அடுத்த ராணியாக வளரப் பார்க்கும் பெரிய குஞ்சுகளை வேலைக்கார எறும்புகள் தாக்கும். பெரிய புழுவும் அந்தக் குஞ்சு மாதிரி தெரிவதால் அதற்கும் கடி விழும். தற்செயலாக ராணியில்லாத புற்றில் விழுந்த புழுவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். எவ்வளவு மெல்லிய கயிற்றின்மேல் இது நடக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு நொடி நிற்கும்.

சரி, சபுலேட்டி ஏன் குறைந்தது? இங்கேதான் புல் வருகிறது.

சபுலேட்டி சூடு விரும்பும் எறும்பு. இங்கிலாந்து அதன் பரப்பின் குளிர்ந்த ஓரம். அங்கே அது வாழ வேண்டுமானால் வெயில் நேராகத் தரையைத் தொட வேண்டும். அதாவது தெற்குப் பார்த்த சரிவு, புல் உயரம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்குள். புல் அதைத் தாண்டினால் நிழலில் மண் 2, 3 டிகிரி குளிர்ந்துவிடும். நடந்து போகிற மனிதனுக்கு அது உறைக்காது. எறும்புக்கு அது வேறு நாடு. சபுலேட்டி பின்வாங்கும், குளிரைத் தாங்கும் ஸ்காப்ரினோடிஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தைம் இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்துப் பூக்கும். பட்டாம்பூச்சி வழக்கம்போல அதில் முட்டையிடும். புழுக்களை எறும்புகள் வழக்கம்போலத் தூக்கிப் போகும். எல்லாம் நடக்கும், புழு மட்டும் பிழைக்காது.

அந்தப் புல்லை அதுவரை கட்டையாக வைத்திருந்தது யார்? முயலும் மாடும் ஆடும். 1953-இல் மிக்சோமட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்கு வந்து, ஓரிரு ஆண்டுகளில் அங்கிருந்த முயல்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. 99 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதே காலத்தில் சரிவான, மண்வளம் குறைந்த மேய்ச்சல் நிலங்கள் விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகாமல் போயின; கால்நடையை அங்கே ஓட்டுவதை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் முயல் போனது, இன்னொரு பக்கம் மாடு போனது. பாதுகாப்பிடங்களில் மூன்றாவதாக வேலி வேறு. 1950-களில் 30 வரை இருந்த வாழிடங்கள் இருபது ஆண்டில் இரண்டாகச் சுருங்கியதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

பதில் கிடைத்தபோது

காரணம் புரிந்ததும் கடைசி வாழிடத்தில் புதரை வெட்டினார்கள், மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எறும்பு தேறத் தொடங்கியது. ஆனால் பட்டாம்பூச்சிக் கூட்டம் அதற்குள் சில பத்துக்குச் சுருங்கியிருந்தது. அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு ஒரு மோசமான ஆண்டு போதும். 1976-இன் கடும் வறட்சி அதைச் செய்தது. 1979-இல் பெரிய நீலன் பிரிட்டனில் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

சில ஆண்டுகள்தான் பிந்தியது. 1930-களிலேயே யாராவது சரிவில் உட்கார்ந்து சாவுக் கணக்கு எழுதியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஆட்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. கையில் இருந்த அறிவோடு, இருந்த ஆசையோடு, அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள்.

ஸ்வீடனிலிருந்து வந்த புழுக்கள்

திரும்பக் கொண்டுவருவதில் முதல் விதி, நிலம் தயாராகும்வரை பூச்சியைத் தொடாதே என்பது. புதர் அகற்றி, கால்நடை விட்டு, சபுலேட்டி புற்று போதுமான அளவு பெருகி, அந்தப் புற்றுகளின் நடுவே தைம் பூக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. அவசரப்பட்டுப் பூச்சியை விட்டிருந்தால் சில ஆயிரம் புழுக்களை ஸ்காப்ரினோடிஸ் புற்றுகளுக்கு இரையாகக் கொடுத்ததுதான் மிச்சமாகியிருக்கும்.

புழுக்களை பால்டிக் கடலில் இருக்கும் ஓலாண்ட் தீவிலிருந்து எடுத்தார்கள். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்து, கட்டைப் புல்லும் தைமும் வளரும் தீவு. 1983-இல் டார்ட்மூரில் சோதனையாக விட்டார்கள். டேவிட் சிம்காக்ஸ் அன்றிலிருந்தே இந்த வேலையில் தாமஸோடு இருந்தவர். முட்டைகளைத் தைம் பூக்களில் பொரிக்க வைத்து, கடைசித் தோலுரிப்பு வரை வளர்த்து, பிறகு மெல்லிய தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிவில் விடுவார்கள். அதற்குமேல் மனிதனால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. எறும்பு வர வேண்டும்.

டார்ட்மூர் சோதனை பலித்த பிறகு, 1990-களில் சாமர்செட்டின் போல்டன் குன்றுகளுக்குப் போனார்கள். அங்கே கிரீன் டவுன் என்ற இடம் மிகப்பெரிய கூட்டத்தைத் தாங்கியது. 2000-இல் தேசிய அறக்கட்டளையின் காலர்ட் ஹில்லில் விட்டார்கள். பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய இடம் அது. 2010-இல் கிளாஸ்டர்ஷயரின் டேன்வே பேங்க்ஸ். 2019-இல் ராட்பரோ காமன் என்ற பொது மேய்ச்சல் நிலத்தில், ஐந்து ஆண்டு நிலத்தைத் தயார் செய்த பிறகு, 1,100 புழுக்களை விட்டார்கள். 2020 கோடையில் ஏறக்குறைய 750 பட்டாம்பூச்சிகள் வெளிவந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த நிலத்தில் பெரிய நீலன் பறந்து 150 ஆண்டு ஆகியிருந்தது.

தாமஸ், சிம்காக்ஸ், புள்ளியியலாளர் ரால்ஃப் கிளார்க் மூவரும் 2009-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது வெற்றிச் செய்தி அல்ல. அழிவதற்கு முன் எழுதி வைத்த சாவுக் கணக்கிலிருந்து, எந்த நிலத்தில் எத்தனை பூச்சி வரும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். மறுபடி விட்ட கூட்டங்கள் பெரிதும் அந்தக் கணிப்பையொட்டியே ஏறி இறங்கின. காரணத்தைச் சரியாகப் பிடித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2022-இல் வெளியான பிரிட்டனின் பட்டாம்பூச்சிச் சிவப்புப் பட்டியலில் பெரிய நீலன், மிக ஆபத்தான நிலை என்ற பிரிவிலிருந்து அச்சுறுத்தலை நெருங்கிய நிலை என்ற பிரிவுக்கு மாறியது. அந்தப் பட்டியலில் பல பட்டாம்பூச்சிகள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேகரிப்பாளர் பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. 1981-ஆம் ஆண்டின் வனஉயிர், கிராமப்புறச் சட்டம் இந்தப் பூச்சிக்கு முழுப் பாதுகாப்பு தருகிறது. 2017-இல் இதைப் பிடித்துக் கொன்றதற்காக ஒருவர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது போனால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெரிய நீலன் இல்லாமல் தைம் பூக்கும். எறும்பு வாழும், ஒருவேளை கொஞ்சம் நிம்மதியாகவே வாழும். மகரந்தம் சேர்க்கத் தேனீக்கள் இருக்கின்றன. 1979-க்கும் 1983-க்கும் நடுவே அந்தச் சரிவுகள் எதுவும் இடிந்து விழவில்லை. ஒவ்வோர் அரிய பூச்சியையும் காட்டின் அச்சாணி என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை; படிப்பவர் ஒருநாள் அது உண்மையில்லை என்று தெரிந்துகொள்ளும்போது மற்ற எல்லாவற்றையும் நம்ப மறுப்பார்.

அதன் பங்கு வேறு விதமானது. ஒரு பூச்சி வாழ்வதற்குச் செடி, எறும்பு, மண்ணின் சூடு, மேயும் விலங்கு நான்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில் பொருந்த வேண்டும் என்றால், அந்தப் பூச்சி பறக்கும் இடத்தில் அந்த நான்கும் நலமாக இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதற்காகக் கட்டையாக்கிய புல்தரையில் ஆர்க்கிட் பூக்கள் வந்தன, அரிய காட்டுத் தேனீக்கள் வந்தன, தரையில் கூடு கட்டும் வானம்பாடி இனங்களுக்கு இடம் கிடைத்தது. பெரிய நீலனுக்காகச் செலவிட்ட பணத்தில் பெயர்கூடத் தெரியாத பல உயிர்கள் பிழைத்தன. அவற்றுக்காக மட்டும் என்றால் யாரும் பணம் தந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இந்தப் பூச்சியைச் சுற்றி நாம் பார்க்காத உறவுகள் எத்தனை பின்னியிருக்கின்றன என்பது. தைமைப் போலவே பெரிய நீலன் முட்டையிடும் ஓரிகானோ செடியின் வேருக்கடியில் மிர்மிகா எறும்புகள் புற்று வைத்தால், செடி கார்வக்ரால் என்ற மணப்பொருளைக் கூடுதலாக வெளியிடுகிறது. முட்டையிட வரும் பெரிய நீலன் அந்த மணத்தை மோப்பம் பிடித்து வருகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செடிக்கும் இதில் ஆதாயம் உண்டு: வேரைத் தொந்தரவு செய்யும் எறும்புக் கூட்டத்தைப் புழு குறைத்துவிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த மலைநீலன் ஒன்றின் புழு, எறும்பு ராணி எழுப்பும் ஒலியைப் போலவே ஒலி எழுப்பி உபசாரம் பெறுகிறது. அந்தப் புழுவுக்கும் ஓர் எதிரி இருக்கிறது, ஒரு குளவி. எந்தப் புற்றில் புழு இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு வேதிப்பொருளைப் பரப்பி எறும்புகளை ஒன்றோடொன்று சண்டையிட வைத்துவிட்டு, அந்தக் குழப்பத்தில் உள்ளே போய்ப் புழுவின் உடலில் முட்டையிடும். அந்த மலைநீலன் போனால் அந்தக் குளவியும் போகும். அது போனதைக் கவனிக்கக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

பெரிய நீலனின் பாடத்தை நெதர்லாந்தும் எடுத்துக்கொண்டது. அங்கே அழிந்துபோன இதன் உறவுக்கார நீலன்கள் இரண்டைப் போலந்திலிருந்து கொண்டுவந்து 1990-இல் மூர்புட்டன் காப்பிடத்தில் விட்டார்கள். எறும்பு வேறு, செடி வேறு. கேட்ட கேள்வி மட்டும் அதே கேள்வி: எந்த எறும்பு, அதற்கு எந்த உயரப் புல்?

முடியாத வேலை

இந்த மீட்பில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. இது ஒருமுறை செய்து முடித்துவிட்டு நிம்மதியாக உட்காரும் வேலை இல்லை. மேய்ச்சலை நிறுத்தினால் ஓரிரு ஆண்டில் புல் ஏறிவிடும், எறும்பு மாறிவிடும். கால்நடையை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதிலும் பிசகக் கூடாது. தைம் பூக்கும் வேளையில் மந்தை நிறைய இருந்தால் முட்டையோடு பூவைத் தின்றுவிடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேயாவிட்டால் தரை நிழலாகிவிடும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், மாடு வளர்ப்பவரின் ஒத்துழைப்பு வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

வெப்பம் கூடுவது கணக்கை இன்னும் மாற்றுகிறது. தென் ஐரோப்பாவில் சபுலேட்டி உயரமான புல்லிலும் வாழ்கிறது, ஏனென்றால் அங்கே நிழலிலும் போதுமான சூடு உண்டு. இங்கிலாந்து சூடாக ஆக, 3 சென்டிமீட்டர் என்ற அளவும் தளரலாம். அதே நேரம் தைம், தெற்குச் சரிவில் வறட்சியில் காய்ந்து முட்டையோடு கருகும் அபாயம் கூடுகிறது. ஆகவே ஒரே மாதிரி நிலத்தை நம்பாமல், வெவ்வேறு திசை பார்த்த சரிவுகளும் வெவ்வேறு உயரப் புல்லும் கலந்திருக்கும்படி நிலத்தைப் பராமரிப்பதுதான் புத்திசாலித்தனம். நேற்றுச் சரியாக இருந்த அளவுகோலை இன்றும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், வேலி போட்டவர்கள் செய்த தவறையே வேறு வடிவத்தில் செய்வதாகும்.

இலையுதிர் காலம் வந்ததும் மாடுகள் மறுபடி சரிவில் ஏறுகின்றன. கோடையில் பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். தைம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. பறப்பது எதுவும் இல்லை. மாடு ஒரு வாய் புல்லைக் கடித்து இழுக்கிறது. அதன் குளம்புக்குச் சற்றுக் கீழே, சபுலேட்டி புற்றின் ஒரு மூலை அறையில், பெரிய குஞ்சுகளைத் தின்று முடித்த புழு தன் பட்டு மெத்தையில் குளிர்கால உறக்கத்துக்குச் சுருண்டுகொள்கிறது.